காவல் பாதி

ஏரி வற்றிவிட்டது. வற்றாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் பூவராகன்.

மலைமேல் இருக்கிறது கரும்பாறை ஏரி. அதிலிருந்து குழாய் பதித்து அடிவாரத்து ஆவரம்பொழிலுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோனார்கள். குழாயில் தண்ணீர் வந்த தைரியத்தில் ஊர் தன் ஊருணியை மூடியது. மூடிய இடத்தில் சந்தைக் கட்டிடம் எழுந்தது. அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்தது. குழாயில் காற்று வந்தது. ஊருணி கட்டிடத்துக்கு அடியில் கிடந்தது.

சனங்கள் கல்குவாரிப் பள்ளத்துக்குக் குடம் தூக்கினார்கள். அங்கே அன்னக்கொடி என்கிற பெண் வழுக்கி விழுந்தாள். மேலே தூக்கும்போது உயிர் இல்லை. அவள் ஊராட்சித் தலைவி பொற்கலையின் நாத்தனார்.

ஊருணியை மூடச் சொன்னவள் பொற்கலை. மூடுவதற்கு முன்னால் மலையேறி வந்து பூவராகனைக் கேட்டாள்.

"அய்யா, மெய்யாலுமே வத்தாதுல்ல?"

"எழுதியிருக்கேன்ல?" என்றார் பூவராகன்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

இப்போது ஊர் பொற்கலையைத் திட்டியது. பூவராகனைத் திட்டவில்லை. அவர் யாரென்று ஊருக்குத் தெரியாது. பொற்கலைக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

வால்வு திறக்கிறவர் மலைக்கு வந்தபோது சேதி சொன்னார். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். பொற்கலை வீட்டோடு இனிப் பேச்சில்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, நல்லது கெட்டது இல்லை என்று கட்டுப்பாடு போடப்போகிறார்கள்.

"அந்தம்மா என்ன சொல்லுது?"

"என்ன சொல்லும்? வாயே தெறக்கல. எந்த மகராசன் எழுதிக் குடுத்தானோ, அவன் நல்லாருக்கட்டும்."

பூவராகன் செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக் கொட்டகைக்கு நடந்தார். அங்கே அவருடைய ஆசிரியை நவமணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், சேறு பொய் சொல்லிவிட்டது."

"சேற்றுக்கு வாய் எங்கே இருக்கிறது, சார்?"

ஆசிரியைக்கு நாற்பது வயதுதான். சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். முதல்நாள் வந்து நின்றபோதே நவமணி கேட்டார்.

"இந்த வயதில் எதற்கு?"

"சர்வீஸ் முழுக்க மதகு கட்டினேன். மழைக் கணக்கைப் பார்த்துக் கட்டினேன். கணக்கு எழுத ஆரம்பித்ததே நேற்றுத்தான். அதற்கு முன்னால் என்ன பெய்தது?"

"தெரிந்து?"

"தெரியாமல் சாகப் பிடிக்கவில்லை."

"குழாய் கழுவுங்கள்," என்றார் நவமணி.

ஒரு மழைக்காலம் முழுக்கச் சேறெடுக்கும் குழாய்களைக் கழுவினார். கையெழுத்துப் போட்டே பழகிய கை. வெடித்துப் புண்ணானது. முணுமுணுத்துக்கொண்டே கழுவினார்.

நவமணியின் தொழில் ஏரிச் சேற்றை வாசிப்பது. படகில் போய் நீளக் குழாயை ஏரியடியில் இறக்குவார்கள். சேறு தூணாக உள்ளே ஏறும். மேலே இருப்பது போன வருஷத்துச் சேறு. கீழே போகப்போகப் பாட்டன் பூட்டன் காலம். அதற்கும் கீழே, ஏரிக்குப் பேர் வைக்க ஆள் இல்லாத காலம். ஏரி நிறைந்து நின்ற காலத்துச் சேறு கருப்பாக இருக்கும். வற்றிக் கிடந்த காலத்துச் சேறு வெளிறி, சுண்ணாம்புக் குருணையோடு இருக்கும். கடல் கடந்த தீவு எதிலாவது மலை வெடித்திருந்தால், அந்தச் சாம்பல் காற்றில் வந்து விழுந்து ஒரு நூல் கனத்துக்குப் படிந்திருக்கும்.

தூணை வாழைத்தண்டு பிளப்பதுபோல நெடுகப் பிளப்பார்கள். ஒரு பாதி வேலைக்கு. மறுபாதியை யாரும் தொடக்கூடாது. சுற்றிக் கட்டிக் குளிர் அறையில் வைத்துவிடுவார்கள். அதற்குக் காவல் பாதி என்று பேர்.

"பாதி ஏரியைப் பூட்டி வைத்து யாருக்கு என்ன லாபம்?" என்று அந்த நாளில் கேட்டார் பூவராகன்.

"அது பாட்டுக்குச் சும்மா இருக்கட்டும், சார். நாம்தான் பேசுகிறோமே."

பிளந்த முகம் கலங்கித் தெரியும். கத்தியால் மேலாக வழித்துவிட்டால் அடுக்குகள் தெளியும். அதற்கு ஒரே ஒரு விதிதான். குறுக்கே வழிக்க வேண்டும். ஒவ்வொரு வழிப்புக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். நீளவாக்கில் இழுக்கவே கூடாது.

"ஏன்?"

"குறுக்கே வழித்தால் அந்தந்த வருஷத்து அழுக்கு அந்தந்த வருஷத்தோடு போகும்."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அதனால் மறந்துவிட்டார்.

கரும்பாறைத் தூணைப் பிளந்த அன்றைக்கு நவமணி வெளியூர் போயிருந்தார். குடிநீர்த் திட்டத்துக்காரர்கள் கொட்டகை வாசலில் நின்றார்கள். ஏரி எந்தக் காலத்திலாவது வற்றியதுண்டா, உண்டென்றால் ஏன்? அவர்களுக்கு அது தெரிந்தால் போதும். சாயங்காலத்துக்குள் தெரிய வேண்டும்.

பூவராகன் கத்தியை எடுத்தார். கொத்தனார்களை விரட்டி வேலை வாங்கியவர். கடைசிப் பூச்சில் கரணையை நெடுக இழுத்தால்தான் சுவர் வழவழப்பாகும் என்பது அவர் கைக்குத் தெரியும். கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கீழிருந்து மேலே, ஒரே இழுப்பு. சேறு கண்ணாடி மாதிரி மின்னியது. அவருக்குப் பெருமையாக இருந்தது.

பார்த்தார். கீழே சாம்பல். சாம்பலிலிருந்து புகைமாதிரி ஒரு சாயல் மேலே ஏறி, வெளிறிய பட்டை ஒன்றின் காலில் போய் நின்றது. பட்டைக்கு மேலே முழுக்கக் கருப்பு. பட்டையின் காலடியில் கொஞ்சம் கிள்ளி நுண்ணோக்கியில் வைத்தார். எரிமலைக் கண்ணாடிச் சில்லுகள் மினுக்கின.

எழுதினார். ஏரி ஒரே ஒரு முறை வற்றியிருக்கிறது. எங்கோ மலை வெடித்தது, வானம் மூடியது, மழை நின்றது, ஏரி வற்றியது. மற்றபடி வற்றாது.

"எரிமலையா? நம்ம சைடுல ஏது சார் எரிமலை?" என்றார் திட்டத்துக்காரர்களில் ஒருவர்.

"இல்லைதான்."

"அப்ப நமக்கென்ன பயம்? டீ சொல்லுங்கப்பா."

திரும்பி வந்த நவமணியும் பார்த்தார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு பூவராகனின் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் போட்டார்.

அந்தச் சேறுதான் பொய் சொல்லிவிட்டது என்று இப்போது பூவராகன் வந்து நிற்கிறார்.

நவமணி சாப்பாட்டு டப்பாவை அவர் பக்கம் தள்ளினார். தயிர்சாதம். ஒரு கோடியில் எலுமிச்சை ஊறுகாய். மறுகோடியில் ஒரு துண்டு அப்பளம். ஸ்பூனை ஊறுகாயில் குத்தி, சாதத்தின் மேலாகவே அப்பளம் வரைக்கும் இழுத்தார்.

"அப்பளத்தை எடுத்துச் சாப்பிடுங்கள்."

"நான் சாப்பிட்டாயிற்று."

"சாப்பிடுங்கள், சார்."

கடித்தார்.

"உறைக்கிறதா?"

"உறைக்கிறது."

"அப்பளத்தில் மிளகாய் போட்டது யார்?"

பூவராகன் ஸ்பூனைப் பார்த்தார். அப்பளம் வாயிலேயே நமத்தது.

"நீளவாக்கில் இழுத்துவிட்டேன்," என்றார்.

"ம்."

"உங்களுக்கு எப்போது தெரியும்?"

"தெரியாது. சந்தேகம்."

"சந்தேகம் எப்போது வந்தது?"

"கையெழுத்துப் போடும்போது."

"பிறகு ஏன் போட்டீர்கள்?" குரல் ஏறிவிட்டது. "ஏன் மேடம்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கத்தியை எப்படிப் பிடித்தாய் கிழவா என்று ஒரு வார்த்தை!"

நவமணி டப்பாவை மூடினார்.

"எனக்கும் எரிமலை பிடித்திருந்தது," என்றார்.

நவமணி எழுந்துபோய்க் குளிர் அறையைத் திறந்தார். காவல் பாதியை இருவருமாகத் தூக்கிவந்து மேஜையில் கிடத்தினார்கள். சுற்றியிருந்ததைப் பிரித்தார்கள். கத்தியை நவமணி அவரிடமே கொடுத்தார்.

"நானா?"

"வேறு யார்?"

குறுக்கே வழித்தார். துடைத்தார். குறுக்கே வழித்தார். துடைத்தார். கை நடுவில் ஒருமுறை நெடுகத் திரும்பப் பார்த்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு வழித்தார். முகம் வழவழப்பாக வரவில்லை. வெட்டு வெட்டாக, பார்க்கவே சகிக்காமல் இருந்தது.

ஆனால் தெரிந்தது. கீழே சாம்பல், மயிரிழையாக, கோடு கிழித்தாற்போல. அதற்கு மேலே கருப்பு. ஒரு முழத்துக்குக் குறையாத கருப்பு. மலை வெடித்துச் சாம்பல் விழுந்த பிறகும் ஏரி தலைமுறை தலைமுறையாகத் தளும்பி நின்றிருக்கிறது. அதற்கெல்லாம் பிறகுதான் வெளிறிய பட்டை. அதற்கு மேலே இன்னொரு பட்டை. அதற்கு மேலே இன்னும் மெல்லியதாக ஒன்று. அன்றைக்கு இழுத்த இழுப்பில் கருஞ்சேற்றைப் பூசி அவர் மூடிவிட்ட பட்டைகள். எதன் காலடியிலும் சாம்பல் இல்லை.

"என்ன தெரிகிறது?"

"ஏரி அடிக்கடி வற்றியிருக்கிறது."

"எதனால்?"

"தெரியவில்லை."

"அதை எழுதியிருக்கலாம்," என்றார் நவமணி.

பூவராகன் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கு அன்னக்கொடியைத் தெரியாது. பொற்கலையின் முகம் நினைவிருந்தது. மெய்யாலுமே வத்தாதுல்ல என்று கேட்ட முகம். கேட்டபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை கூட்டத்தில் போய்ச் சொல்லிவிடுகிறேன். அவள் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும்."

"சொல்லுங்கள்."

மறுநாள் காலையில் ஒரு தாளோடு வந்தார். நவமணி வாங்கிப் படித்தார். கிடைக்கப்பெற்ற சான்றுகளைப் பலவாறாகப் பொருள்கொள்ள இடமிருந்த சூழ்நிலையில், முந்தைய முடிவுகளுள் சில மறுபரிசீலனைக்கு உரியனவாகின்றன என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்குப் போயிருந்தது.

"இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

"உள்ளே இருக்கிறேன். மூன்றாவது பத்தியில்."

நவமணி தாளின்மேல் கட்டைவிரலை வைத்து, மேலிருந்து கீழே ஒருமுறை தடவினார்.

"வழவழவென்று இருக்கிறது, சார். இதையும் நீளவாக்கில் இழுத்திருக்கிறீர்கள்."

பூவராகனுக்குச் சுருக்கென்றது. தாளை வாங்கிக் கிழித்தார்.

"வாயால் சொல்கிறேன். நீங்களும் வாருங்கள்."

"வரவில்லை."

"ஏன்?"

"பயம்."

அவர் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். நவமணி தலைகுனிந்து கத்தி கழுவிக்கொண்டிருந்தார். கத்தி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூவராகன் ஆவரம்பொழிலில் பஸ்ஸை விட்டு இறங்கினார். கூட்டம் எங்கும் இல்லை. டீக்கடை மட்டும் திறந்திருந்தது. டீ இல்லை, கலர் பாட்டில்தான் இருந்தது. தூரத்தில் இடிக்கிற சத்தம் கேட்டது.

"ஊர்க்கூட்டம் எங்கே?"

"அது நேத்தே முடிஞ்சுபோச்சு," என்றார் கடைக்காரர். "பொறுக்க முடியாம நேத்தே கூட்டிட்டாங்க. பேச்சில்ல, வார்த்தையில்லன்னு கட்டுப்பாடு போட்டாச்சு. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு அந்தம்மா எந்திரிச்சுது. சரிங்க, யாரும் பேச வேணாம், கடப்பாரை இருந்தா மட்டும் ஒண்ணு குடுங்கன்னுச்சு. எவனும் குடுக்கல."

"அப்புறம்?"

"வீட்டு உலக்கைய எடுத்துக்கிட்டு சந்தைக் கட்டிடத்துக்குப் போயிருச்சு. அவ பேரு போட்ட கல்லு இருக்கும் பாருங்க, அதத்தான் முதல்ல பேத்தா. விடியவிடிய ஒத்த ஆளா இடிச்சா. காலையில அன்னக்கொடி புருஷன் கடப்பாரையோட போனான். நாங்கள்லாம் அவள அடிக்கத்தான் போறான்னு பின்னாலயே ஓடுனோம். பக்கத்துச் செவுத்தப் போயி அடிச்சான்."

"பிறகு?"

"பிறகென்ன, வேடிக்கை பாக்க வெக்கமாப் போச்சு. ஆளாளுக்குப் போயிட்டானுங்க. நான் கடைய யாரு பாக்குறதுன்னு உக்காந்திருக்கேன். அதுவும் வெக்கமாத்தான் இருக்கு."

பூவராகன் போனார். கட்டிடம் பாதி இல்லை. ஒரே புழுதி. பெண்கள் வரிசையாக நின்று கல் கைமாற்றினார்கள். பொற்கலையின் தலைமுடி சுண்ணாம்பில் வெளுத்திருந்தது.

"திறக்கும்போது ரிப்பன வெட்டுனா. இப்ப செவுத்த வெட்டுறா," என்றான் ஒருவன். கட்டுப்பாடு இருந்ததால் அவளிடம் சொல்லாமல் காற்றிடம் சொன்னான்.

"ரிப்பன் வெட்டும்போது மிட்டாய் வாங்கித் தின்னவன்தானே நீ?" என்றாள் பொற்கலை, அவளும் காற்றிடம். "கல்லத் தூக்கு."

பூவராகன் அவள்முன் போய் நின்றார்.

"அம்மா. என்னைத் தெரியுதா?"

பார்த்தாள். "தெரியுது."

"ஏரி வற்றாதுன்னு எழுதினது தப்பு. சேத்துல எல்லாம் இருந்துச்சு. நான்தான் கத்திய நீளவாக்குல இழுத்து..."

"அய்யா, ஒதுங்கி நில்லுங்க. செவுரு வருது."

ஒதுங்கினார். சுவர் விழுந்தது. இருமல் அடங்கியதும் குரலை உயர்த்தி எல்லோருக்குமாகச் சொன்னார். தான் யார், என்ன எழுதினார், ஏன் தப்பு, எரிமலைக்கும் ஏரிக்கும் சம்பந்தமில்லை, இந்தம்மா மேல் குற்றமில்லை, எல்லாம் தன்னால்தான். வாக்கியம் வாக்கியமாக, நறுக்கி நறுக்கிச் சொன்னார்.

"யாருய்யா இந்தப் பெரியவரு?"

"ஏரி வத்தாதுன்னு எழுதினவராம்."

"வத்திருச்சுன்னு சொல்லவா பஸ் ஏறி வந்தாரு?"

சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. அன்னக்கொடியின் புருஷன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடி இடிக்கப் போனான்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் பொற்கலை.

"சொல்லிட்டேன்."

"கேக்க வேண்டியவ போயிட்டா."

பூவராகன் இடிந்து கிடந்த சுவரைப் பார்த்தார். பிறகு, "நான் இன்ஜினியர். ஊருணி வெட்டுற வேலை எனக்குத் தெரியும்," என்றார்.

"இத மூடலாம், கட்டிடம் தாங்கும்னு சொன்னவரும் இன்ஜினியருதான். சட்டி தூக்கத் தெரியுமா?"

தூக்கினார். சாயங்காலம் வரை தூக்கினார். யாரும் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுக்க ஊரில் தண்ணீர் இல்லை.

ஐப்பசியில் கொஞ்சம் மழை பெய்தது. கரும்பாறை ஏரிக்கு அது எந்த மூலைக்கு? வெடித்துக் கிடந்த தரை நனைந்து மூடிக்கொண்டது, அவ்வளவுதான். ஆவரம்பொழிலில் திரும்ப வெட்டிய ஊருணியில் முழங்கால் அளவு நின்றது. கலங்கல் தண்ணீர். துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடித்தார்கள். பொற்கலை வீட்டின் மேல் போட்ட கட்டுப்பாட்டை யாரும் எடுக்கவில்லை. யாரும் கடைப்பிடிக்கவும் இல்லை. அன்னக்கொடியின் புருஷன் மட்டும் இன்னும் அவளோடு பேசுவதில்லை.

பூவராகன் அறிக்கையைத் திருத்தி எழுதினார். நீளவாக்கில் வழித்தேன். சாம்பல் இழுபட்டது. வறண்ட அடுக்குகள் மறைந்துபோயின. ஏரி பலமுறை வற்றியிருக்கிறது. காரணம் தெரியாது. இனியும் வற்றும். இவ்வளவுதான் எழுதினார்.

நவமணி படித்தார். விரலால் தடவிப் பார்க்கவில்லை.

"சரி."

"முகப்பில் ஒரு வரி போட வேண்டும், மேடம். முன்பு நடந்த தவறைச் சரிசெய்தவர் யார் என்று திட்டத்துக்காரர்கள் கேட்கிறார்கள். உங்கள் பெயரைப் போடட்டுமா? காவல் பாதி உங்கள் ஏற்பாடு."

"கூடக் கையெழுத்துப் போட்டது யார்?"

"அப்படியென்றால் என் பெயரை..."

"கத்தி யார் கையில் இருந்தது?"

பூவராகனுக்குப் பொறுமை போய்விட்டது.

"நாம் ரெண்டு பேருக்கும் தகுதியில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாராவது ஒருத்தர் சரிசெய்திருக்க வேண்டும் இல்லையா? காலியாகவா விடுவது?"

நவமணி எழுந்துவந்து பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

"எழுதுங்கள், சார்," என்றார். "பொற்கலை."